கண்ணாடிக்குள் ஒரு கடற்கூட்டம்
வீட்டு உப்புநீர்த் தொட்டிக்குக் கூட்டமீன் தேர்ந்தெடுப்பது பற்றி

கடலில்லாத ஊர் நம் ஐதராபாத். மசூலிப்பட்டினம் போய்க் கடலைப் பார்க்க வேண்டுமென்றாலே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஆனாலும் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் 2006-ல் தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான். 2012-ல் திறக்கப்பட்ட அதன் கட்டிடமே ஒரு பெரிய மீனின் வடிவில் நிற்கிறது. விமான நிலையச் சாலையில் போகிற நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைதட்டாமல் இருப்பதில்லை. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படம் வேறு வீட்டுக்கு வீடு கடல்மீன் ஆசையை விதைத்துவிட்டது.

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது, "கூட்டமாக, ஒரே மாதிரி திரும்புகிற கடல்மீன் எது? அதை வாங்கி விடலாமே" என்பதுதான். கேள்வி எளிது, பதில் அவ்வளவு எளிதல்ல.

கூட்டமும் அணியும்

மீன் சேர்ந்து வாழ்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கூட்டம்: ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தன் போக்கில் மேயும். மற்றது அணி: எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில், சிப்பாய்கள் மாதிரி போகும். சாளை, நெத்திலி, கானாங்கெளுத்தி ஆகியவை அணி மீன்கள். அவை வாழ்நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருப்பவை. அவற்றுக்கு நாலு அடித் தொட்டி என்பது நமக்கு அலமாரிக்குள் குடித்தனம் நடத்துவது போல. வீட்டுக்கு அவை ஆகவே ஆகா.

மீன் ஏன் சேர்கிறது? இரை தேட, துணை தேட என்று காரணங்கள் பல. ஆனால் முதற் காரணம் பயம். ஆயிரம் மீன்களில் ஒன்றைக் குறிவைப்பது வேட்டைமீனுக்குக் கடினம், கண் தடுமாறிவிடும். உடலின் இரு பக்கமும் ஓடுகிற பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு பக்கத்து மீன் அசைவதைத் தண்ணீரின் அதிர்விலேயே அறிவித்துவிடுகிறது. கண்ணும் அதுவும் சேர்ந்துதான் அந்த ஒத்த திருப்பம் நடக்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது. புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் முதல் சில வாரம் நெருங்கி அணியாகச் சுற்றும். வீட்டுக்காரர் மகிழ்ந்து போவார். பிறகு எதிரி இல்லை என்று தெரிந்ததும் கலைந்துவிடும். "மீன் கெட்டுப் போச்சா?" என்று கேட்பார்கள். கெடவில்லை, பயம் தெளிந்துவிட்டது, அவ்வளவுதான். அணி கலையாமல் இருக்க ஒரு வேட்டைமீனையும் கூட விடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஓர் உயிரை நாளெல்லாம் அச்சத்தில் வைத்து நாம் அழகு பார்ப்பது அது. அந்த யோசனையைக் காதில் வாங்காதீர்கள்.

கடையில் காட்டுகிற மீன்கள்

பச்சை குரோமிஸ். கூட்டமீன் என்று கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். விரல் நீளம், இளம்பச்சை மினுமினுப்பு, விலையும் குறைவு. இலட்சத்தீவில் பவளக் கிளைகளுக்குள் கூட்டமாக வாழ்வது. அங்கே தூண்டிற்கழியால் சூரை பிடிப்பவர்கள் இதை உயிர் இரையாகப் பயன்படுத்துகிறார்கள். தொட்டியில் இதற்கு ஒரு குணம் உண்டு. கூட்டத்தில் வலியது எளியதை விரட்டும். விரட்டப்பட்டது மூலையில் ஒடுங்கி, சாப்பிடாமல் இளைத்துச் சாகும். பிறகு அடுத்த எளியதன் முறை. ஏழு வாங்கியவரிடம் ஓராண்டில் இரண்டு மிஞ்சுவது சாதாரணம். கடலில் விரட்டப்பட்ட மீன் வேறு கிளைக்குப் போய்விடும். இங்கே கண்ணாடி தடுக்கிறது. நாலு அடிக்குக் குறைந்த தொட்டியில் இது வேண்டாம். வைப்பதானால் ஒரே அளவுள்ள ஏழெட்டை ஒரே நாளில் விட்டு, ஒளிய நிறைய இடம் கொடுக்க வேண்டும்.

டாம்செல் வகைகள். நீலமும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். சிறுவயதில் சேர்ந்திருக்கும், வளர்ந்தால் ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும். கூட்டமீன் என்று நம்பி வாங்க வேண்டாம்.

பைஜாமா கார்டினல். என் கணக்கில் வீட்டுக்கு மிகவும் ஏற்றது இதுதான். சாதுவான மீன், இரவில் இரை தேடுவது, பகலில் ஐந்தாறு சேர்ந்து ஒரே இடத்தில் மிதந்து நிற்கும். ஓட்டம் குறைவு, ஆனால் கூட்டம் கலையாது. இதன் உறவான பாங்காய் கார்டினலைக் கூட்டமாக வாங்காதீர்கள். வளர்ந்ததும் இரண்டு ஜோடி சேர்ந்து மற்றவற்றைக் கொன்றுவிடும். தவிர, அது இந்தோனேசியாவில் பாங்காய் தீவுகளை ஒட்டி மட்டுமே இயற்கையாக வாழ்வது; அலங்கார மீன் வியாபாரத்தாலேயே அழியும் நிலைக்கு வந்த இனம்.

ஆந்தியாஸ். ஓர் ஆண், பல பெண் என்று கூட்டம். ஆண் இறந்தால் பெரிய பெண்மீனே ஆணாக மாறிவிடும்! பார்க்கப் பேரழகு. ஆனால் கடலில் நாள் முழுக்க மிதவையுயிர்களைக் கொத்தித் தின்று பழகியது. தினம் மூன்று நான்கு முறை உணவு வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது பட்டினியால் மெலிந்துவிடும்.

வரிக் கெளுத்திக் குஞ்சுகள். பந்துபோல் உருண்டு திரண்டு நீந்தும். வளர்ந்தால் ஓர் அடி வரும், கூட்டமும் பிரியும், முள்ளில் விஷம் உண்டு. குழந்தைகள் கை விடுகிற தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

நீமோ என்கிற கிளவுன் மீன். இது கூட்டமீனே அல்ல. ஒரு ஜோடி போதும். மண்டபம், விழிஞ்ஞம் முதலிய இடங்களில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதையும், குரோமிஸ் உட்படப் பல டாம்செல் இனங்களையும் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். ஆகவே "கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா?" என்று கேட்டு வாங்க வாய்ப்பிருக்கிறது. அதைத்தான் கேட்க வேண்டும்.

தொட்டிக் கணக்கு

வியாபாரி கணக்குப் போடாமல் இருக்க முடியாது. நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். அதாவது தண்ணீரே கால் டன் எடை. மேசையும் தரையும் தாங்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவை ஒன்பது கிலோ போடணும். சமையல் உப்பு கூடாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு தவிர மக்னீசியம், கால்சியம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. போர்வெல் தண்ணீரை நேரே ஊற்றாமல் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்குங்கள்.

கலந்த அன்றே மீன் விடக்கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா கொடிய நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா வளர நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். கூட்டமீன் வாங்குபவர் ஒரே நாளில் ஏழெட்டு விடுகிறபடியால் இந்தப் பொறுமை இரட்டிப்பாக வேண்டும்.

நம் ஊர் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். இந்த மீன்களுக்கோ 25 முதல் 27 டிகிரி. தண்ணீர் சூடானால் அதில் பிராணவாயு குறையும். கூட்டம் பெரிதானால் செலவாவதும் அதிகம். மின்சாரம் நின்ற ஒரு மத்தியானத்தில் மொத்தக் கூட்டமும் போய்விடலாம். ஆகையால் குளிர்விக்கும் இயந்திரத்துக்கும், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்புக்கும் முதலில் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியில் மீன் வாங்குங்கள்.

கடையில் மீன் இரை தின்பதைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். சில நாடுகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கிறார்கள். அது நன்றாயிருப்பது போலத் தோன்றிச் சில வாரத்தில் சாகும். வாங்கிய மீனை ஒரு மாதம் தனித்தொட்டியில் வைத்து நோய் பார்ப்பது நல்லது.

சட்டமும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் 2001-ல் பவளங்களும் கடற்குதிரையும் சேர்க்கப்பட்டன. "மீன் ஒளிய நல்ல பவளக்கல்" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்கா 1986-ல் ஏற்பட்டதே இவற்றைக் காக்கத்தான்.

வளர்க்கலாமா?

சமணன் என்பதால் இக்கேள்வியை என்னால் விட முடியாது. மீன் ஐம்பொறியும் உள்ள உயிர் என்பது எங்கள் ஆகமக் கொள்கை. உமாசுவாதியின் தத்வார்த்த சூத்திரம் இல்லறத்தானின் அகிம்சை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். எங்கள் தமிழ் நூலான அருங்கலச்செப்பு காட்டும் வழியும் இதுவே. தொட்டியை வைத்துப் பாருங்கள். சிறு இடத்தில் அடைப்பது கட்டுதல். ஆந்தியாஸை ஒருவேளை உணவில் வைப்பது உணவு தடுத்தல். அளவுக்கு மேல் மீன் திணிப்பதை மிகுபாரம் என்றே நான் கொள்வேன்.

உணவிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. மேலே சொன்ன மீன்கள் எல்லாம் இறால், மீன்தூள் கலந்த தீனி தின்பவை. பாசி தின்று கூட்டமாக மேய்பவை இல்லாமலில்லை. நம் கடல் ஓரா மீன் அப்படிப்பட்டது. வரியுள்ள கான்விக்ட் மீனும் அப்படியே. ஆனால் அவை வளர்ந்து பெரிதாகும். சைவம் தின்னும் கூட்டம் வீட்டுத் தொட்டியில் அடங்காது. அடங்குகிற கூட்டம் சைவம் தின்னாது. ஆகவே எங்களவருக்கு என் விடை, வேண்டாம் என்பதே.

மற்ற அன்பர்களுக்கு அதைக் கட்டளையாகச் சொல்ல நான் யார்? ஆனால் குழந்தை கேட்டதும் வாங்கித் தருமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்தபின் இது எவ்வளவு நீளம்? தினம் எத்தனை வேளை சாப்பாடு, யார் போடுவது? கூட்டத்தில் ஒன்று அடிபட்டால் பிரித்து வைக்க இரண்டாவது தொட்டி இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இருந்தால், பொரிப்பகத்தில் பிறந்த பைஜாமா கார்டினல் கிடைக்குமா என்று விசாரித்து ஐந்து வாங்குங்கள். ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றாலும், விடுமுறையில் பிள்ளைகளை இராமேஸ்வரம், மண்டபம் பக்கம் அழைத்துப் போங்கள். தெளிந்த ஆழமில்லாத தண்ணீரில் மீன்குஞ்சுகள் கூட்டமாகத் திரும்புவதைக் கரையில் நின்றே காட்டலாம்.