தட்டுக்கு வராத மீன்கள்

சிங்கப்பூரில் 1949ஆம் ஆண்டு, சோஃபியா சாலையில் சிறிய உணவுக்கடை வைத்திருந்த கேரளக்காரர் எம்.ஜே. கோமெஸ், பெரிய மீனின் தலையை முழுதாகக் குழம்பில் போட்டு விற்கத் தொடங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. தென்னிந்திய வீடுகளில் மீன் தலை அன்று விருந்தாளிக்கு வைக்கும் பண்டம் அல்ல. சீனர்கள் அதை விரும்பி உண்பதைக் கவனித்து அவர் செய்த குழம்பு, பின்னர் ரேஸ் கோர்ஸ் சாலை உணவகங்களின் அடையாளமானது. ஒதுக்கிய பாகம் விலை உயர்ந்த உணவாக மாறியது.

வீட்டுச் சமையலறையில் நிலைமை வேறு. பேரங்காடியில் முள் நீக்கிய துண்டுகளை வாங்கிப் பழகியவர்கள் ஈரச்சந்தைக்கு வந்தாலும், “தலை வேண்டாம், வால் வேண்டாம், நடுத்துண்டு மட்டும் போதும்” என்கிறார்கள். முழு மீனிலிருந்து முள்ளில்லாத சதையை மட்டும் எடுத்தால் கிடைப்பது, எடையில் பாதியோ அதற்கும் குறைவோதான். மிச்சம் குப்பைக்குப் போகிறது. சிங்கப்பூரில் குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல் செமக்காவ் தீவுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. 1999ல் திறக்கப்பட்ட அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது.

ஆனால் சமையலறை, கடைசிக் கட்டம்தான். உலகில் பிடிக்கப்படும், வளர்க்கப்படும் மீனில் ஏறக்குறைய 35 விழுக்காடு வலைக்கும் தட்டுக்கும் இடையே வீணாகிறது என்பது ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் நிறுவனத்தின் மதிப்பீடு. அதே நிறுவனத்தின் கணக்குப்படி, அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் மீன்வளங்கள் 1974ல் சுமார் 10 விழுக்காடாக இருந்தன, 2021ல் 37.7 விழுக்காடு. கடலில் குறைந்துவரும் ஒன்றை, கரையில் மூன்றில் ஒரு பங்கு வீணடிக்கிறோம்.

சிங்கப்பூர்ச் சந்தைக்கு மீன் அனுப்பும் அண்டை நாடான மலேசியாவில் ‘ஈக்கான் பாஜா’ என்றொரு வகை உண்டு. ‘உர மீன்’ என்பது அதன் பொருள். அது ஒரு தனி மீனினம் அல்ல. கடலடியை வாரிச் செல்லும் இழுவை வலையில் சிக்கி, மனிதர் வாங்காத சிறு மீன்கள் அனைத்துக்கும் அதுவே பெயர். வளர்ந்தால் நல்ல விலைக்குப் போகக்கூடிய மீன்களின் குஞ்சுகளும் அந்தக் குவியலில் கிடக்கும். குஞ்சுகள் தப்பட்டும் என்றுதான், இழுவை வலையின் கடைசிப் பையில் கண்ணளவு 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று மலேசியா விதித்துள்ளது. இருந்தும் அவை சிக்குகின்றன. அப்படிச் சிக்குபவை மீன்தூளாகவும் கூண்டில் வளர்க்கப்படும் மீன்களுக்குத் தீனியாகவும் போகின்றன. ‘பண்ணை மீன் என்றால் கடலுக்குச் சேதமில்லை’ என்ற எண்ணம் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. பண்ணைக் கொடுவாயும் களவாயும் பிற மீனைத் தின்று வளர்பவையே.

மீனின் அளவும் முக்கியம். குழந்தைக்குக் கஞ்சியில் போட முதலில் தேடப்படும் குராவ், அதாவது காலா மீன், ஆணாகவே முதிர்ந்து, வளர்ந்த பிறகே பெண்ணாக மாறுகிறது. கொடுவாயும் அப்படித்தான். சிறியவற்றையே பிடித்துக்கொண்டிருந்தால் முட்டையிடப் பெண் மீன் மிஞ்சாது. களவாயில் இது தலைகீழ்: பெண்ணாகத் தொடங்கி, பெரிதான பிறகு ஆணாகிறது. பெரியதையே குறிவைத்தால் அங்கே ஆணுக்குப் பஞ்சம். ‘சின்னது மலிவு’ என்பதும் ‘பெரியது கௌரவம்’ என்பதும் கடலில் வெவ்வேறு விதமாகக் கணக்குத் தீர்க்கின்றன.

தமிழர் வீடுகளில் பேசத் தயங்கும் ஒன்று சுறா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று பால் சுறாவில் புட்டு செய்து கொடுப்பது பாட்டிமார் வழக்கம். சுறா மற்ற மீன்களைப்போல் இலட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. பால் சுறா ஓர் ஈற்றில் சில குட்டிகளையே ஈனும். பால் சுறாவும் அடங்கிய பெரிய சுறாக் குடும்பம் ஒன்று 2023 நவம்பர் முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்துள்ளது. சுறா வகைகளில் பாதரசமும் பொதுவாக அதிகம் சேர்கிறது. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் சிறு பிள்ளைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. யாருக்காகப் புட்டு செய்யப்படுகிறதோ அவருக்கே அது ஆகாது என்பது பாட்டிக்கு எளிதில் ஏறாத செய்திதான். ஆனால் இஞ்சி, பூண்டு, மிளகு, வெங்காயம் சேர்த்து உதிர்த்து வதக்கும் அந்தப் பக்குவம் சுறாவுக்கு மட்டும் உரியதன்று. வேகவைத்த கொடுவாயிலும் அது நன்றாகவே வரும்.

மறுபுறம், மலிவு என்று பலர் ஒதுக்கும் கெம்போங் மீனும் நெத்திலியும் விரைவாக முதிர்ந்து இனப்பெருக்கம் செய்பவை. நெத்திலியைத் தலையும் முள்ளுமாக அப்படியே சாப்பிடலாம். அதில் கழிவே இல்லை. கெம்போங்கும் அள்ள அள்ளக் குறையாத மீன் அன்று. ஒரு சாணுக்கும் குறைவான குஞ்சுகளை வாங்காமல் விடுவது நல்லது.

கெம்போங், சூரை போன்ற மீன்களை வாங்கினால் ஒரு கவனம் தேவை. வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, அரிப்பெடுத்து, ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இதனால் வருவது. எனவே சந்தையில் மீனைக் கடைசியாக வாங்கி, பனிக்கட்டியுடன் எடுத்துச் சென்று, குடலை நீக்கி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து அன்றே உறையவைக்க வேண்டும். மொத்தமாக உறையவைத்து, மொத்தமாக இளக்கி, மிச்சத்தைக் கொட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

தலையையும் முள்ளையும் கேட்டு வாங்கினால் செவுளை மட்டும் நீக்கிவிட வேண்டும். கசப்பு அதில்தான் இருக்கிறது. சிறிது மஞ்சளும் நசுக்கிய பூண்டும் சேர்த்து, மிதமான தீயில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் தெளிந்த சாறு கிடைக்கும். அதற்குமேல் கொதித்தால் கலங்கிக் கசக்கும். அந்தச் சாற்றில் புளியும் மிளகும் சேர்த்து ரசம் வைக்கலாம், அல்லது மறுநாள் குழம்புக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம்.