அன்பளிப்புக்கு எந்தப் போத்தல்?

பெருநாள் நெருங்கிவிட்டால் பதுளைக் கடைகளில் அன்பளிப்புப் பெட்டிகள் அடுக்கப்பட்டுவிடும். ஒரு சவர்க்காரம், ஒரு பவுடர், சின்னதாய் ஓர் அத்தர் குப்பி, தலைக்கு வைக்கும் எண்ணெய், மேலே மினுங்கும் தாள், அதில் ஒரு ரிபன். கல்யாண வீட்டுக்கும் இதே பெட்டிதான் போகிறது. வீட்டிலிருந்தே இப்படிப் பெட்டி தயாரித்து நாலு காசு பார்க்கலாம் என்று எண்ணும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

எண்ணெயைக் காய்ச்சுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதை ஊற்றும் போத்தலில் நாம் காட்டுவதில்லை. கொழும்புக்குப் போகிறவரிடம் "வடிவான போத்தலாய்ப் பார்த்து நூறு வாங்கி வாருங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். போட்ட முதல் கசிந்து ஓடும்போதுதான் கவலை வருகிறது.

போத்தலைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். 1988இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் சங்கம் கொண்டுவந்த அடையாளம் இது. இது தரத்துக்குக் கொடுத்த புள்ளி அல்ல, எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைச் சொல்வது மட்டுமே. 1 என்றால் பெட். நாம் தண்ணீர் வாங்கும் கண்ணாடி போன்ற போத்தல். 2 பால் நிறத்து உறுதியான பொலித்தீன், 4 கையால் அமுக்கக்கூடிய மெல்லிய பொலித்தீன். 3 பி.வி.சி. 5 பொலிப்ரொப்பிலீன், பெரும்பாலான மூடிகள் இதில்தான் செய்யப்படுகின்றன. 6 பொலிஸ்டைரீன், ரெஜிபோமும் இதன் பிள்ளைதான். இந்த ஆறிலும் சேராதவை 7. எண் அழிந்திருந்தால் ஒரு சிறு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். 2, 4, 5 மிதக்கும். 1, 3 இரண்டும் தாழும். 6உம் தாழும், ஆனால் காற்றடைத்த ரெஜிபோம் மட்டும் மிதக்கும்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையைக் கேளுங்கள். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை சுமார் 1,200 மீற்றர், ஹப்புத்தளை அதற்கும் மேல். அங்கே விடியற்காலையில் எண்ணெய் வெண்ணெயாகத்தான் நிற்கும். கொழும்பில் அழகாகத் தெரிந்த ஒடுங்கிய கழுத்துப் போத்தலிலிருந்து ஒரு சொட்டும் வராது. பெறுகிறவள் அதை அடுப்பங்கரையில் வைப்பாள், இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் நிறுத்துவாள். பெட் போத்தல் 70 பாகையளவில் இளகிக் கோணிப்போகும். அதே எண்ணெய் மஹியங்கனைக்குப் பஸ்ஸில் இறங்கினால் வழியிலேயே உருகிப் பருத்து, வாய்வரை நிரப்பிய போத்தலின் மூடியிடுக்கால் கசியும். ஆகவே மலைநாட்டுக்குத் தலை எண்ணெய் என்றால் அகன்ற வாயுள்ள 5ஆம் எண் டப்பாவை எடுங்கள். உள்மூடி அவசியம். மேலே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். காய்ச்சிய எண்ணெயை நன்றாக ஆறவிட்ட பிறகே பெட்டில் ஊற்ற வேண்டும்.

அத்தர் இன்னொரு ரகம். வாசனை எண்ணெய்க்கு மெல்லிய பொலித்தீன் ஒரு சல்லடை மாதிரி. மணம் மெதுவாக ஊடுருவி வெளியேறிவிடும், பக்கத்தில் இருக்கும் பவுடரும் அதே மணம் மணக்கும். பொலிஸ்டைரீனையோ அது கரைத்தே விடும். நம்பாவிட்டால் தோடம்பழத் தோலிலிருந்து எடுத்த எண்ணெயில் இரண்டு துளியை ரெஜிபோம் மீது விட்டுப் பாருங்கள், பள்ளம் விழும். அத்தரைக் கண்ணாடிக் குப்பியில்தான் கொடுக்க வேண்டும் என்பேன், செலவு கூடினாலும் சரி. நகப்பூச்சு நீக்கும் அசற்றோனுக்கு 2ஆம் எண் போத்தல். ஷாம்பு, திரவச் சவர்க்காரம் ஆகியவை பொலித்தீன் போத்தலில் மடிப்பும் அழுத்தமும் உள்ள இடங்களை நாளடைவில் வெடிக்கச் செய்யும். அவற்றுக்குப் பெட் நல்லது.

தோட்டப்புறத்துக்கு விற்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஷாம்பு என்றால் சஷே பக்கெட்தான் என்றிருந்தது. 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் நீங்கலாக, 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாத சஷே பக்கெட்டுகள் இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆகவே அன்பளிப்புப் பெட்டியில் மாதிரிக்கென்று குட்டிப் பக்கெட் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். பல படலங்களை ஒட்டிச் செய்த அந்த உறையைப் பிரித்து மீள்சுழற்சி செய்வது மிகக் கடினம். லயத்துக் கானில் அடைத்து, மழை வந்தால் பதுளு ஓயாவில் சேரும். 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி அந்த ஓயாவின் நீர்தான். தடை சரியானதே. ஆனாலும் பக்கெட் போய்விட்டால் ஏழையின் கைக்கு எட்டும் அளவும் போய்விடுகிறதே! அதற்கு வழி செய்ய வேண்டியவர்கள் நம்மைப் போன்ற சிறு தயாரிப்பாளர்கள். 30 மில்லிலீற்றர் 2ஆம் எண் போத்தலில் ஒருமுறை கொடுத்து, அதே போத்தலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வந்தால் குறைந்த விலைக்கு நிரப்பிக் கொடுக்கலாம். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆனால் குளிர்பானப் போத்தலில் மட்டும் எதையும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைத்துப் பிள்ளைகள் குடித்துவிடும் விபத்து நாம் அறியாததல்ல. வாசனைத் தைலமும் பிள்ளைக்கு நஞ்சே.

மேலுறைக்கு வருவோம். சூடு காட்டிச் சுருக்கும் உறைகளில் பல பி.வி.சி. அதைக் குப்பையோடு எரித்தால் நெஞ்சை அறுக்கும் அமிலப் புகையும் டயொக்சின் என்ற நஞ்சும் வரும். பிளாஸ்டிக் குப்பையை வெளியில் எரிப்பது 2017 முதல் தடை. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் புகை எழுவதைப் பார்க்கிறோம். எரிக்கப்படக்கூடும் என்று தெரிந்த பொருளை நாமே ஏன் கொடுக்க வேண்டும்? கடதாசிப் பெட்டி போதும். தாள் கண்டிப்பாக மினுங்க வேண்டுமென்றால் பொலிப்ரொப்பிலீன் தாள் கேளுங்கள்.

தடித்த இரட்டைச் சுவர் டப்பா ஒன்று விற்பனைக்கு வருகிறது. வெளியே பார்த்தால் நூறு கிராம் கிறீம் போலிருக்கும், உள்ளே முப்பதுதான் பிடிக்கும். அளவில் மோசம் செய்வதை மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த டப்பா வேண்டாம். நிறையை லேபலில் பெரிதாகப் போடுங்கள்.

நூறு போத்தல் வாங்குமுன் மூன்று மட்டும் வாங்குங்கள். உங்கள் பொருளையே நிரப்பித் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். ஒன்றை நிமிர்த்தி வையுங்கள், ஒன்றைப் பழைய பத்திரிகைத் தாளில் படுக்க வையுங்கள், ஒன்றைப் பகலில் வெயில் படும் யன்னலிலும் இரவில் குளிரிலும் மாறி மாறி வையுங்கள். ஆறு வாரம் பொறுங்கள். தாளில் எண்ணெய்க் கறை இருக்கிறதா, நிறை குறைந்திருக்கிறதா, போத்தல் மங்கியோ உப்பியோ இருக்கிறதா, மணம் மாறிவிட்டதா என்று பாருங்கள். நோன்புப் பெருநாள் விற்பனைக்கென்றால் இதை ரஜப் பிறக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். ஷஃபானில் போத்தலுக்குச் சொல்லி, ரமழான் முதற்பத்தில் நிரப்பி முடிக்கலாம்.