மேல் கீழ் தெரியாத வெளியில் செயற்கைக்கோள் திசை அறிவது எப்படி?

கேமரன் மலையில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான்: எந்தச் சரிவு இறங்கப் போகிறது? 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் வேலி பகுதிகளைச் சேற்று வெள்ளம் தாக்கியது. 2024 ஜனவரி 26-ஆம் தேதி புளூ வேலியில் மண் சரிந்து, மியன்மார் நாட்டுத் தொழிலாளர்கள் ஐவர் உயிரிழந்தனர். காடு அழிக்கப்பட்ட குன்று எது, புதிதாக வெட்டப்பட்ட சரிவு எது என்பதை அறிய இன்று செயற்கைக்கோள் படங்கள் உதவுகின்றன.

ஆனால், அந்தப் படம் நாம் கேட்ட குன்றைத்தான் காட்டுகிறதா? அது செயற்கைக்கோள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். சுமார் 180 கிலோ எடை கொண்ட அது, 2009 ஜூலை 14-ஆம் தேதி மார்ஷல் தீவுகளிலிருந்து பால்கன்-1 ராக்கெட்டில் ஏவப்பட்டது. 685 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்தியரேகையை ஒட்டிய பாதையில் சுற்றுவதற்காக அது வடிவமைக்கப்பட்டது. அவ்வளவு உயரத்தில் கேமரா ஒரே ஒரு பாகை விலகினால், தரையில் பார்வை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி விழும். தானா ராத்தாவைக் குறிவைத்தால், மேற்கே பேராக் மாநிலக் காடுதான் படத்தில் வரும்.

தோட்டத்தில் பனிமூட்டம் இறங்கும்போது வழி தெரியாமல் போவது நமக்குப் பழக்கமானது. மூட்டம் சற்று விலகி, பிரிஞ்சாங் மலை உச்சிக் கோபுரம் தெரிந்தால் போதும். நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது உடனே புரிந்துவிடும். ஒரே ஓர் அடையாளம் போதுமாக இருப்பதற்குக் காரணம், கீழ்த்திசை எது என்பதை நம் உடல் எடையே சொல்லிவிடுகிறது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்கு அந்த எடை உணர்வு கிடையாது. அதனால் அதற்குக் குறைந்தது இரண்டு அடையாளங்கள் வேண்டும்.

முதல் அடையாளம் சூரியன். காலை வெயில் ஒரு குன்றின் கிழக்குச் சரிவில் நன்றாகவும், மறுபக்கம் குறைவாகவும் விழுவதைப் பார்க்கிறோம். அதுபோலவே, செயற்கைக்கோளின் ஆறு பக்கங்களிலும் ஒளியுணரிகளை வைத்து, எந்தப் பக்கத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளந்தால், சூரியன் இருக்கும் திசை கிடைத்துவிடும். மிகச் சிறிய செயற்கைக்கோள்களில் சூரியத் தகடுகளே இந்த வேலையையும் செய்வதுண்டு.

இரண்டாவது அடையாளம் பூமியின் காந்தப் புலம். காந்தமானி என்ற கருவி அதன் திசையை அளக்கிறது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யுஐடிஎம்சாட்-1 செயற்கைக்கோளிலும் கேமராவுடன் காந்தமானி ஒன்று இருந்தது. பத்து சென்டிமீட்டர் கனசதுரமான அது, 2018 ஆகஸ்டு 10-ஆம் தேதி அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது.

தான் இருக்கும் இடமும் நேரமும் தெரிந்தால், அங்கே சூரியனும் காந்தப் புலமும் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதைச் செயற்கைக்கோளின் கணினி கணக்கிட்டுவிடும். கருவிகள் காட்டும் திசைகளை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், உடல் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது தெரியும். இரண்டு திசைகளைக் கொண்டு இதைச் செய்யும் எளிய முறையை ஹரோல்ட் பிளாக் 1964-இல் வெளியிட்டார். பல அளவீடுகளிலிருந்து மிகப் பொருத்தமான விடையைத் தேடும் கணக்கை, மறு ஆண்டு கிரேஸ் வாபா என்ற பெண் கணிதவியலாளர் முன்வைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

சிக்கல்களும் உண்டு. ரசாக்சாட்டின் உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 98 நிமிடம் ஆகும். அதில் ஏறத்தாழ 35 நிமிடம் பூமியின் நிழலில் கழியும். அப்போது சூரியன் தெரியாது. அந்த இடைவெளியில் சுழற்சிமானி, அதாவது கைப்பேசியிலும் இருக்கும் 'ஜைரோ', எவ்வளவு திரும்பினோம் என்று எண்ணிக்கொண்டே வரும். ஆனால் அதன் சிறு பிழைகள் நேரம் செல்லச் செல்லக் கூடிவிடும். காந்தமானியையோ செயற்கைக்கோளின் சொந்த மின்னோட்டமே ஏமாற்றக்கூடும். துல்லியம் தேவைப்படும் இடத்தில் நட்சத்திரக் கேமரா பொருத்துகிறார்கள். அது வானத்தைப் படம் பிடித்து, தன்னிடமுள்ள நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிடும். பிழை ஒரு பாகையில் நூறில் ஒரு பங்காகக் குறைந்தால், 12 கிலோமீட்டர் விலகல் 120 மீட்டராகிவிடும்.

திசை அறிந்த பிறகு திரும்ப வேண்டுமே! மின்சுருளைக் காந்தமாக்கி, பூமியின் காந்தப் புலத்தைப் பிடித்துத் திரும்புவது மலிவான வழி. ஆனால் பூமத்தியரேகையை ஒட்டிய பாதையில் அந்தப் புலம் எப்போதும் ஏறக்குறைய வடக்கு-தெற்காகவே கிடக்கும். அந்த அச்சைச் சுற்றிக் காந்தத்தால் திருப்ப முடியாது. எனவே, நம் நாட்டின் மீது அடிக்கடி பறக்கும் பாதைக்குச் சுழல் சக்கரங்களும் தேவைப்படுகின்றன.

எஞ்சும் விலகலைத் தரையில் சரிசெய்கிறார்கள். சாலைச் சந்திப்பு, ரிங்லெட் ஏரியின் அணைக்கட்டு, தேயிலைத் தொழிற்சாலையின் கூரை போன்ற இடம் மாறாத புள்ளிகளைப் படத்தில் கண்டுபிடித்து, வரைபடத்தோடு பொருத்துகிறார்கள். மலைப்பகுதியில் சரிவின் உயரத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால், பக்கத்துக் குன்றின் காயம் இந்தக் குன்றின் மீது விழுந்ததாகத் தோன்றும்.

ஆகவே, நம் குடியிருப்புக்கு மேலுள்ள சரிவைப் பற்றிய கூட்டத்தில் யாராவது செயற்கைக்கோள் படத்தைக் காட்டினால், இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: இது எந்தத் தேதியில் எடுத்தது? தரைப் புள்ளிகளோடு பொருத்திச் சரிபார்த்ததா? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால்தான் அந்தப் படத்தை வைத்து, எந்த லயத்துக்கு ஆபத்து, எந்த நிலத்தில் விதிமீறல் என்று பேச முடியும்.