வாசலில் ஒரு ஜாகா

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்திலிருந்து வெளியே வந்தேன். கைப்பேசியில் ஏழு தவறிய அழைப்புகள். ஏழும் ஒரே எண். தைப்பிங்கில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை அவர். அவசரமாகத் திருப்பி அழைத்தேன்.

"என்னம்மா இது? கூகுள்ல என் பேரைப் போட்டா வீட்டு முகவரியும் போன் நம்பரும் வருதே. தங்கச்சி மகன் காட்டினான். நான் உன்கிட்ட மட்டும்தானே கொடுத்தேன்?"

ஒலிவாங்கி முன்னால் எனக்கு வார்த்தைப் பஞ்சம் வந்ததே இல்லை. அன்று வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நானும் நண்பர்கள் நான்கு பேரும் ஓய்வு நேரத்தில் பழைய கேசட்டுகளைச் சேகரிக்கிறோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வானொலி நாடகங்களை வீட்டில் பதிவு செய்து வைத்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். சிலருடைய கேசட்டில் நாடகம் முடிந்த பிறகு அப்பாவின் குரல் இருக்கும், பிள்ளையின் மழலை இருக்கும். இரவல் வாங்கி, கணினியில் பதிவேற்றி, கேசட்டைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம். அதற்காகத்தான் பெயர், முகவரி, தொலைபேசி எண். அன்றைக்கு எங்கள் பட்டியலில் 61 பேர் இருந்தார்கள்.

அந்தப் பட்டியலைப் பராமரிக்கும் இணையச் செயலியை எழுதியவள் நான். படித்தது ஊடகத்துறை. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது வீட்டில் அடைந்து கிடந்த நாள்களில் காணொளிகளைப் பார்த்து பிஎச்பி கற்றுக்கொண்டேன். உள்நுழைவுப் பக்கத்தையும் நானே அழகாகச் செய்தேன். எங்கள் ஐவருக்கும் ஆளுக்கொரு கடவுச்சொல். பெருமையாக இருந்தது.

23 பக்கம், ஒரு மறதி

சைபர்ஜெயாவில் ஒரு தரவு மையத்தில் வேலை செய்யும் பெரியப்பா மகனை அழைத்தேன். முதல் வேலையாகச் செயலியை முழுவதும் நிறுத்தச் சொன்னார். அன்று மாலை வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்து பார்த்தார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

என் செயலியில் 23 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், 'வந்தவர் உள்நுழைந்தவர்தானா?' என்று சோதிக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். 22 பக்கங்களில் இருந்தது. பட்டியலை அச்சிடுவதற்காக ஓர் இரவு அவசரமாகச் சேர்த்த 23ஆவது பக்கத்தில் மறந்துவிட்டேன். போதாததற்கு, அந்தப் பக்கத்துக்கு ஓர் இணைப்பை எல்லோரும் பார்க்கும் முகப்பின் மூலையில் விட்டிருந்தேன். தேடுபொறி அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் 61 பேரையும் எழுதிக்கொண்டது. அதன்மேல் குற்றமில்லை. கதவு திறந்திருந்தது.

"கொண்டோல ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியா ஆள் அடையாளம் பாத்தா எப்படி இருக்கும்?" என்று அண்ணன் கேட்டார். "யாராவது ஒருத்தர் அசந்தா போச்சு. அதுக்குத்தான கேட்ல ஜாகாவை வெக்கிறோம்? உன் செயலிக்கு முன்னால ஏற்கெனவே ஒரு ஜாகா நிக்கிறார். நீதான் அவருக்கு வேலையே கொடுக்கல."

அவர் சொன்ன ஜாகா, இணையச் சேவையகம். எங்கள் தளம் ஓடுவது அப்பாச்சி என்ற மென்பொருளில். யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அந்தக் கோரிக்கை முதலில் அப்பாச்சியிடம்தான் வருகிறது. அதன் பிறகே என் நிரலுக்குப் போகிறது. அப்படியென்றால் அடையாளச் சோதனையை அங்கேயே வைத்துவிடலாமே!

நான்கு வரி வேலை

அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் அண்ணன் நான்கே வரிகள் எழுதினார். என்ன வகைச் சோதனை, அதற்கு என்ன பெயர், கடவுச்சொல் கோப்பு எங்கே இருக்கிறது, பட்டியலில் உள்ளவரை மட்டும் விடு. அவ்வளவுதான்.

இனி யாராவது உள்ளே வரப் பார்த்தால், சேவையகம் 401 என்ற எண்ணைப் பதிலாக அனுப்பும். 'நீ யார் என்று சொல்' என்று அதற்குப் பொருள். உடனே உலாவி தானே ஒரு சிறு பெட்டியைத் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். சரியாக இருந்தால்தான் கோரிக்கை என் நிரலை எட்டும். தவறென்றால் ஒருவர் வந்ததே என் நிரலுக்குத் தெரியாது. 24ஆவது பக்கத்தை நாளைக்கு எழுதி, சோதனை வரியை மறந்தாலும் கவலையில்லை. அந்த அடைவில் உள்ள எல்லாமே பூட்டுக்குள். பிஎச்பி சோதனை எட்டாத ஒலிக்கோப்புகள், படங்கள், பிடிஎஃப் எல்லாம் இதில் அடக்கம்.

வந்தவர் யார் என்பதை 'ரிமோட் யூசர்' என்ற குறிப்பில் எழுதி சேவையகம் என் நிரலிடம் கொடுத்துவிடும். நான் கடவுச்சொல்லைத் தொடவே வேண்டாம். ஆனால், யார் அழிக்கலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்பதை இன்னும் என் நிரல்தான் முடிவு செய்கிறது. ஜாகா உங்களைக் கேட்டுக்குள் விடுவார். எந்த வீட்டு அலமாரியை நீங்கள் திறக்கலாம் என்பது வீட்டுக்காரர் பாடு.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1996இல் வெளிவந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இந்த முறை இருக்கிறது. இதைப் பற்றிய இன்றைய விதிமுறை ஆவணம் 2015இல் வந்தது.

இதிலும் ஓட்டை உண்டு

நான் துள்ளிக் குதிப்பதைப் பார்த்து அண்ணன் நிறுத்தினார். நான்கு விஷயங்களைச் சொன்னார்.

முதலாவது, இந்த முறையில் கடவுச்சொல் ஒவ்வொரு கோரிக்கையோடும் பயணம் செய்கிறது. அதை பேஸ்64 என்ற வடிவில் மாற்றி அனுப்புகிறார்கள். அது ரகசியக் குறியீடு அல்ல. வேறு எழுத்தில் எழுதுவது போலத்தான், யாரும் நொடியில் திருப்பிப் படிக்கலாம். ஆகவே முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, கடவுச்சொல் கோப்பை இணையத்திலிருந்து எட்ட முடியாத அடைவில் வைக்க வேண்டும். அதிலும் கடவுச்சொல்லை அப்படியே எழுதாமல், 'பிகிரிப்ட்' போன்ற முறையில் உருமாற்றி வைக்க வேண்டும். அரைத்த மாவை மறுபடியும் அரிசியாக்க முடியாது அல்லவா, அப்படி. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்தில் புகுந்தவர்களிடம் 3 கோடிக்கும் அதிகமான கடவுச்சொற்கள் சிக்கின. அத்தனையும் உருமாற்றாமல் அப்படியே கிடந்தவை.

மூன்றாவது, வெளியேறும் பொத்தான் கிடையாது. உலாவியை மூடும்வரை அது உங்களை ஞாபகம் வைத்திருக்கும். பலர் புழங்கும் கணினியில் இது ஆபத்து. 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்ற வசதியும் இல்லை. தவறாக எத்தனை முறை முயன்றாலும் அதுவாகத் தடுக்காது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஐந்து பேருக்கு இது போதும். ஆயிரக்கணக்கான நேயர்கள் பதிந்துகொள்ளும் தளத்துக்குப் பொருந்தாது.

நான்காவதுதான் எனக்கு உறைத்தது. பெரிய தளங்களில் ஜாகா ஓர் இயந்திரத்திலும் செயலி வேறோர் இயந்திரத்திலும் இருக்கும். ஜாகா ஒரு சீட்டில் பெயர் எழுதி அனுப்புவார். செயலி அதை நம்பும். ஜாகாவைத் தாண்டாமல் பின்வேலி வழியாக ஒருவன் நேராக வந்து, தானே சீட்டெழுதி நீட்டினால்? செயலி அதையும் நம்பும். ஆகவே செயலிக்கு வேறு வழியே இருக்கக் கூடாது. வெளியாள் கொண்டுவரும் சீட்டை ஜாகா கிழித்தெறிய வேண்டும்.

61 அழைப்புகள்

பூட்டுப் போட்டாயிற்று. தேடுபொறியில் இருந்த நகலை நீக்கவும் விண்ணப்பித்தேன். ஆனால் அதோடு வேலை முடிந்துவிடுமா? அந்த வாரம் முழுவதும் நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொருவராக அழைத்தேன். உங்கள் முகவரி வெளியே தெரிந்துவிட்டது, தவறு என்னுடையது, தெரியாத எண்ணிலிருந்து யாராவது அழைத்து உங்கள் விவரம் சொன்னால் நம்பாதீர்கள் என்று சொன்னேன். மூன்று பேர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன்.

தைப்பிங் ஆசிரியையைக் கடைசியாக அழைத்தேன். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பள்ளிக்கூடக் குரலில் கேட்டார்: "பூட்டினேன்னு சொல்றே. வெளியே நின்னு நீயே இழுத்துப் பாத்தியா?"

பார்க்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத்தான் பார்த்தேன். உலாவியில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து, 23 பக்கங்களின் முகவரியையும் ஒவ்வொன்றாக ஒட்டினேன். 23 முறையும் அந்தச் சிறு பெட்டி வந்து நின்றது.

உங்கள் கோயிலுக்கோ, முன்னாள் மாணவர் சங்கத்துக்கோ, டியூஷன் மையத்துக்கோ உறுப்பினர் பட்டியலோடு ஒரு தளம் இருக்கிறதா? இன்று இரவே இதைச் செய்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஒரு பக்கத்தின் முகவரியை நகலெடுத்து, தனிப்பட்ட சாளரத்தில் ஒட்டுங்கள். கடவுச்சொல் கேட்காமல் பட்டியல் திறந்தால், முதலில் தளத்தை நிறுத்துங்கள். பிறகு, தளத்தைப் பார்த்துக்கொள்பவரை அழையுங்கள்.

நான் டீச்சரை மறுபடியும் அழைத்து, "இழுத்துப் பார்த்தேன், பூட்டு பூட்டாத்தான் இருக்கு" என்றேன்.

"சரி. மாசத்துக்கு ஒரு தடவை பாரு" என்றார்.