கூலிக்கு உடையும் பூட்டு

ஜலகண்டாபுரத்தில் தறி வைத்திருக்கும் ஒருவர், சேலையும் துண்டும் விற்க இணையதளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விசாரிக்க ஒரு படிவம்: பெயர், கைப்பேசி எண், செய்தி என்று மூன்றே கட்டங்கள். கொஞ்ச நாளில் கடன் தருகிறோம், சூதாட வாருங்கள் என்று குப்பைச் செய்திகள் குவிந்துவிடும். அனுப்புவது ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்.

அதைப் பிடிக்கும் உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது மறைகட்டம். படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டம் இருக்கும், திரையில் தெரியாது. வாங்க வருகிறவர் அதை நிரப்ப வழியில்லை. எளிய பாட் திரையைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் நிரல்வரிகளைப் படித்து, கண்ட கட்டத்தையெல்லாம் நிரப்பிவிடும். மறைகட்டத்தில் ஓர் எழுத்து இருந்தாலும் செய்தி நேரே குப்பைக்குப் போகும். என்ன அழகான பொறி! ஆனால், அந்தத் தளத்தைக் குறிவைத்தே எழுதிய பாட் இதைத் தாண்டிவிடும்.

இன்னோர் உத்தி, கோணல்மாணலான எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் ‘கேப்சா’. அதை லூயிஸ் வான் ஆன், மானுவல் பிளம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2003இல் கட்டுரையாக முன்வைத்தார்கள். 2014இல், அத்தகைய எழுத்துகளில் மிகக் கடினமானவற்றையே இயந்திரம் 99.8 சதவீதம் சரியாகப் படிக்கிறது என்று கூகுள் அறிவித்தது.

கேப்சாவை உடைக்க அதற்கு முன்பே வேறொரு வழி இருந்தது. ஆள் வைத்துப் படிக்கவைப்பது. 2010இல் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சந்தையை ஆராய்ந்தார்கள். ஆயிரம் கேப்சாவைத் தீர்த்தால் கூலி அரை டாலர் வரை இறங்கியிருந்தது. அன்றைய மதிப்பில் 25 ரூபாய்கூட இல்லை. வேலை செய்வோர் எந்த மொழிக்காரர் என்றறிய, எண்களைப் பல மொழிகளில் சொற்களாக எழுதி அவற்றுக்குரிய இலக்கத்தைக் கேட்டார்கள். தமிழும் அவற்றில் ஒன்று. சில சேவைகளிலிருந்து தமிழுக்கும் சரியான விடைகள் வந்தன.

மனிதரா என்று சோதிக்கும் கருவி, கூலிக்கு அமர்ந்த மனிதரை என்ன செய்யும்? அனுப்புகிறவரின் செலவைத்தான் கூட்ட முடியும். அதுவே பெரிய உதவி. இலவசமாக அனுப்பும் கூட்டம் பெருமளவு விலகிவிடும்.

கட்டுப்பாடு இறுகினால், கேப்சா எழுத்தைப் பார்க்க முடியாத பார்வையற்றவரும், செய்தி தவறாகக் குப்பையில் விழுந்த நல்ல வாடிக்கையாளரும் வெளியே நிற்க நேரும். எனவே தளம் வைத்திருந்தால், படிவத்தின் பக்கத்திலேயே கடையின் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். வாரம் ஒருமுறை குப்பைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.