குடல் கழுவும் மருந்தைக் குடித்து முடிக்கும் வழி

பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குழாயைப் பற்றி அதிகம் முறையிட மாட்டார்கள். "முதல்நாள் குடிச்ச தண்ணிதான் சீவனை எடுத்தது" என்பார்கள். பாதியைக் குடித்து மீதியை வாழையடியில் ஊற்றியவர்களும் உண்டு.

ஊற்றினால் நட்டம் நமக்கே. மலம் தங்கினால் சிறு கட்டிகள் அதன்கீழ் மறைந்துவிடும். அவற்றுள் சில பின்னாளில் புற்றுநோயாகக் கூடியவை. மறுபடி பரிசோதனை, மறுபடி பஸ் காசு, மறுபடி ஒரு நாட்கூலி.

இம்மருந்து 1980 இல் அமெரிக்காவில் போட்ரான் என்ற வைத்தியரின் குழுவினர் அமைத்தது. பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற பொடியும் உப்புகளும் சேர்ந்தது. பொடி உடம்பில் சுவறாமல், தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குடல் வழியே ஓடிவிடும். அதனால் உடம்பு வற்றுவது குறைவு. அந்நாளில் நான்கு லீற்றர். இன்று பலருக்கு இரண்டு லீற்றர் வகையே போதும். அதையும் பிரித்து, பாதியை முதல்நாள் மாலையும் பாதியைப் பரிசோதனைக்கு ஐந்து மணித்தியாலம் அளவில் முன்பும் குடித்தால் ஓங்காளமும் குறையும், குடலும் நன்கு சுத்தமாகும்.

இங்கேதான் எங்களுக்குச் சிக்கல். மூதூரிலிருந்து விடியப் பஸ் ஏறுகிறவர் இரண்டாம் பாதியை எங்கே குடிப்பது? 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அங்கே பாதைக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது, உண்மை. பஸ்ஸில் மலசலகூடம் இல்லையே! ஆகவே திகதி தரும்போதே வாய் திறந்து பின்னேர முறை கேளுங்கள். அப்படியானால் காலையில் வீட்டிலேயே குடித்து, வயிறு அடங்கியபின் புறப்படலாம். பொது மலசலகூடத்தை நம்பியிருப்போர் முதல்நாளே பட்டினத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது.

முதல்நாள் முழுப்பட்டினி பலருக்குத் தேவையில்லை. வைத்தியர் சம்மதித்தால் பகல் வரை வெள்ளைச் சோறு, பாண், முட்டை, மீன் சாப்பிடலாம். குரக்கன், தவிட்டரிசி, கீரை, தேங்காய்ப்பூ, கொய்யா ஆகா. பிறகு பால் விடாத தேத்தண்ணீர், வடித்த சூப்பு. சிவப்புச் சர்பத் வேண்டாம்; குடலில் இரத்தம்போலத் தெரியும்.

மருந்துப் போத்தலை மண்பானைத் தண்ணீரில் வைத்துக் குளிரவிடுங்கள். ஸ்ட்ரோவால் உறிஞ்சினால் நாக்கில் சுவை அதிகம் படாது. கால்மணிக்கு ஒரு கோப்பை. இடையில் தேசிக்காய்த் துண்டு சூப்பலாம். ஓங்காளித்தால் அரைமணி நிறுத்தி, பின் மெதுவாகத் தொடருங்கள். வெட்கப்பட்டு ஒருவரும் சொல்லாத விடயம்: ஆசனவாயில் முன்கூட்டியே தேங்காயெண்ணெய் பூசினால் எரிவு குறையும்.

நீரிழிவு, சிறுநீரக, இருதய வருத்தக்காரரும், இரும்புச்சத்துக் குளிசை, இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்பவர்களும் திகதி எடுக்கும் அன்றே அதைச் சொல்லிவிட வேண்டும். கடைசி இரண்டு மணித்தியாலம் எதுவும் குடிக்கக்கூடாது. வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீரானால் குடல் ஆயத்தம்.