சாமி பேரில் நடக்கும் இல்லமானாலும் ரசீதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இருபது, முப்பது பேர் மட்டும் தங்கும் முதியோர் இல்லங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. கன்னியர் மடத்தை ஒட்டி ஒன்று இருக்கும். திருச்சபை வளாகத்துக்குள் ஒன்று, ஆசிரமம் நடத்துவது ஒன்று என்று இருக்கும். விடியும்போதே ஜெபமோ சுப்ரபாதமோ கேட்கும், அப்புறம்தான் காபி. பூசைக்கோ சந்நிதிக்கோ போக ஆட்டோ பிடிக்க வேண்டாம், நாலு எட்டு நடந்தால் போதும். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர் அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. தவக்கால வெள்ளிக்கிழமையில் ஏன் கறி வேண்டாம் என்கிறீர்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒரு பாட்டி காலை ஜெபத்துக்கு வரவில்லையென்றால் பக்கத்து அறைக்காரர் உடனே போய்க் கதவைத் தட்டுகிறார். நூறு அறை கொண்ட பெரிய குடியிருப்பில் இந்தக் கவனிப்பு சுலபத்தில் கிடைக்காது. ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1882-ல் கொல்கத்தாவில் முதியோர் இல்லம் தொடங்கிய காலத்திலிருந்தே இப்படிப்பட்ட தொண்டு இந்த நாட்டில் நடந்துவருகிறது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த மதிப்பே நம் வாயைக் கட்டிவிடக் கூடாது. சிஸ்டரிடம் போய்க் கணக்குக் கேட்பதா, சுவாமிஜியிடம் ஒப்பந்தம் எழுதச் சொல்வதா என்று கூச்சப்பட்டு, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். சேரும்போது கட்டும் தொகையை வாய்ப்பேச்சில் ‘டெபாசிட்’ என்பார்கள். கைக்கு வரும் காகிதத்தில் ‘நன்கொடை’ என்று அச்சிட்டிருக்கும். கீழே சிறிய எழுத்தில் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகைக் குறிப்பும் இருக்கும். அந்த ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால், பிற்பாடு இல்லம் பிடிக்காமல் வெளியேறும்போது கொடுத்ததைத் திரும்பக் கேட்பது மிகவும் கடினம். திரும்ப வர வேண்டிய பணம் என்றால் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் இருக்கட்டும். எவ்வளவு பிடித்தம், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், தங்கியிருப்பவர் காலமானால் யார் கையில் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். மனசார நன்கொடை கொடுக்க விரும்புகிறவர்கள், ஆறு மாதம் அங்கே இருந்து பார்த்த பிறகு தனியாகக் கொடுக்கலாம். நல்ல இல்லம் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

பணத்தைவிடச் சொத்து விஷயத்தில்தான் பெரிய ஆபத்து. உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகிவிட்டால் வீடு அன்றைக்கே கைமாறிவிடுகிறது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் அறக்காரியத்துக்கு உயில் எழுதினால், அதை இறப்பதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பாவது எழுதியிருக்க வேண்டும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-வது பிரிவு ஒருகாலத்தில் சொன்னது. அது பாகுபாடு என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. நீக்கியது சரிதான். ஆனால் படுக்கையில் கிடக்கும்போது கையெழுத்து வாங்கப்படுவதைத் தடுக்க அந்த வேலி இப்போது இல்லை. நம் எச்சரிக்கைதான் பாதுகாப்பு.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு, அறுபது வயது நிறைந்தவர் ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி தருகிறது. வாங்கியவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. 2025-ல் முதியோர் பக்கம் நின்று தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. வழக்கில் போய் நின்று நிரூபிப்பதைவிட, பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவைப்பது மேல்.

சேர்க்கைப் படிவத்தில் ‘தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறவர் மட்டும்’ என்றொரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய இல்லங்களில் இரவுக்கு ஒரே ஆயாதான் இருப்பார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மறதி நோய் வந்தால், அந்த ஒரு வரியைக் காட்டி ‘கூட்டிக்கொண்டு போங்கள்’ என்பார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், செலவு யாருடையது, கையெழுத்து யார் போடுவது என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வழிபாட்டுக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். இறந்தபின் அடக்கமா தகனமா, எந்த முறைப்படி என்று தங்குகிறவர் தன் கைப்படவே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆதார் அட்டை, பாஸ்புக், ஏடிஎம் கார்டு எதையும் அலுவலக அலமாரியில் ஒப்படைக்கத் தேவையில்லை.

குறை வந்தால் எங்கே போவது? இல்லம் பதிவு பெற்றதா என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம், புகாரும் அங்கேயே கொடுக்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாத இல்லம் என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அடி, பட்டினி, பூட்டிவைத்தல் என்றால் நேராகக் காவல் நிலையம்தான்.

பல இல்லங்களின் சங்கடம் வேறு. கொண்டுவந்து சேர்த்த மகன் நாலாம் மாதத்திலிருந்து பணம் அனுப்புவதில்லை, போனும் எடுப்பதில்லை. இதற்கும் 2007 சட்டத்தில் இடம் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு பெறலாம். பெரியவரால் நடமாட முடியாவிட்டால், அவர் ஒப்புதலோடு பதிவுபெற்ற தொண்டு அமைப்பே மனு போடலாம். இல்லம் நடத்துகிறவர்கள் அவரை வாசலில் நிறுத்துவதற்கு முன் இந்த மனுவை எழுதுங்கள். பெற்றவரைக் கைவிடும் நோக்கத்தோடு விட்டுப் போவதற்கு மூன்று மாதம் வரை சிறை என்பதையும் அந்த மகனுக்குத் தெரிவியுங்கள்.

எங்கே தொடங்குவது என்று புரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் கிடையாது. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, இல்லத்தில் இருக்கும் உங்கள் அம்மாவின் கட்டிலுக்கு அருகில் ஒட்டிவிட்டு வாருங்கள்.